பிடிமானம் விலையில் இல்லை

“உசுரு முக்கியமா, ரூவா முக்கியமா அண்ணாச்சி?” நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் எந்த டயர் கடையில் போய் நின்றாலும், பேரம் முற்றும் நேரத்தில் இந்தக் கேள்வி வந்து விழும். இதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? ரூபாய்தான் என்றால் கடையில் நிற்கிற நாலு பேரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். உயிர்தான் என்றால் உடனே பில் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். வந்திருப்பது கொஞ்சம் வேகமான காராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். “இந்த வண்டிக்குப் போயி இதையா போடுதீங்க?” என்று விலை குறைந்த டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டி ஓரமாக உருட்டிவிடுவார்கள்.

இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு சித்தாந்தமே இருக்கிறது. வேகமான காருக்கு விலை கூடிய டயர்தான் போட வேண்டும். வெளிநாட்டுப் பெயராக இருக்க வேண்டும். கம்பெனி கொடுத்ததைவிட ஒரு சுற்று அகலமாக இருந்தால் இன்னும் நல்லது. மலிவான டயர் வாங்குகிறவன் குடும்பத்தின் உயிரோடு விளையாடுகிறான். கடைக்காரர் மட்டுமா, கார் பைத்தியம் பிடித்த இளவட்டங்கள், ஒர்க்‌ஷாப் மேஸ்திரிகள், துபாயிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் மச்சான் என்று எல்லோரும் ஓதும் வேதம் இதுதான். இது தப்பு என்பது என் கட்சி. பாதித் தப்பு கூட அல்ல. வள்ளியூர் மாதிரியான ஊருக்கு ஏறக்குறைய முழுத் தப்பு.

வள்ளியூரில் ஏது ஸ்போர்ட்ஸ் கார் என்று கேட்கலாம். நான் பெராரியையும் போர்ஷேயையும் சொல்லவில்லை. அவற்றை வைத்திருப்பவர் டயர் விலையைக் கேட்பதில்லை. இந்தக் கட்டுரையையும் படிக்கப்போவதில்லை. மும்பையிலும் வளைகுடாவிலும் சம்பாதித்துத் திரும்பியவர்கள், மகேந்திரகிரியிலும் கூடங்குளத்திலும் வேலை பார்ப்பவர்கள், அப்பாவிடமிருந்து கடைச் சாவியைக் கையில் வாங்கிய பையன்கள் ஆகியோர் ஓட்டும் போலோ ஜிடி டிஎஸ்ஐ, அபார்த் புன்டோ, ஐ20 என் லைன், எப்போதாவது கண்ணில் படும் ஆக்டேவியா விஆர்எஸ் ஆகியவற்றைத்தான் சொல்கிறேன். பெரும்பாலும் இரண்டாவது கை, மூன்றாவது கை மாறிய வண்டிகள். போலோ இந்தியாவில் 2022-லேயே நின்றுபோனது. அபார்த் புன்டோவைக் கொண்டுவந்த ஃபியட் இங்கே கடையையே கட்டிவிட்டது. சேர்த்து வைத்த காசையெல்லாம் போட்டு, ஆசைப்பட்டு வண்டியை வாங்கியாயிற்று. வாங்கின பிறகு குனிந்து பார்த்தால் நாலு டயரும் மொட்டை. மேற்படி வேதம் ஓதப்படுவது இந்த நேரத்தில்தான்.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உயர்ந்த ரக டயருக்கும் மலிவு டயருக்கும் வித்தியாசம் உண்டு. ஈரச் சாலையில் பிரேக்கை அழுத்தினால் உயர்ந்த ரகம் சில மீட்டர் முன்னதாகவே நின்றுவிடுகிறது என்பதை ஐரோப்பியச் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அந்தச் சில மீட்டர், முன்னால் போகும் டிராக்டருக்கும் நம் பானட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சில மீட்டர்தான். இதை மறுக்கிறவன் பொய் சொல்கிறான். ஆனால் அந்தச் சோதனைகளில் ஓடுவது புத்தம் புதிய டயர்; சரியாக அடித்த காற்று; சோதனைக்கென்றே போட்ட தரை. கடை மாடியில் மூன்று வருடம் வெயிலில் வெந்த டயருக்கும், நாலு மாதமாகக் காற்றே பார்க்காத டயருக்கும் அந்த அட்டவணையில் இடமில்லை. நம் ஊரில் ஓடுவதோ பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

விலையும் பெயரும் மட்டும் போதும் என்றால், 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்ததற்கு என்ன விளக்கம்? ஃபார்முலா ஒன் பந்தயம். மிஷலின் டயர் போட்ட ஏழு அணிகள், பதினான்கு கார்கள். உலகத்தில் காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காத டயர்கள் அவை. வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே பதின்மூன்றாவது வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் போய்விட்டது. சாய்தளமாக எழும்பிய வளைவு அது. அந்த வருடம் ஓடுதளத்தின் மேற்பரப்பையும் புதிதாகச் சீவியிருந்தார்கள். இந்த டயரை நம்பிப் பந்தயம் முழுக்க ஓட முடியாது என்று மிஷலினே சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, பந்தயத்துக்கு முந்தைய ஒரு சுற்றை மட்டும் ஓடிவிட்டுப் பதினான்கு கார்களும் கொட்டகைக்குத் திரும்பின. மிச்சம் இருந்தவை பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறே ஆறு கார்கள். அந்த ஆறில் ஒன்றை ஓட்டியவர் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். நான்காவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்தார். ஃபார்முலா ஒன்னில் ஒரு இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள் அவை.

அன்று மிஷலின் தரம் கெட்ட டயரைக் கொண்டுவரவில்லை. அந்த வருடம் மற்ற பந்தயங்களில் எல்லாம் ஏறக்குறைய அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. அந்த ஊரின் தரைக்கும் வளைவுக்கும் அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். பிரிட்ஜ்ஸ்டோனின் துணை நிறுவனமான ஃபயர்ஸ்டோனோ, இண்டி 500 பந்தயத்துக்காக அதே தரையில் அதற்கு முந்தைய மாதம்தான் ஓடிப் பழகியிருந்தது. தரையைத் தெரிந்த டயர் ஓடியது. தெரியாத டயர் கொட்டகையில் நின்றது.

அப்படியானால் நம் தரை எப்படிப்பட்டது? வள்ளியூருக்கு வெளியே நான்குவழிச் சாலை. காஷ்மீரில் கிளம்பி கன்னியாகுமரியில் முடியும் என்எச் 44-ன் கடைசித் துண்டு; பழைய ஆட்களுக்கு இன்னும் என்எச் 7தான். வெளியூர்ப் பேருந்துகள் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே ஆளை இறக்கிவிட்டுப் போகும் சண்டை ஓயாத ஊர் இது. வேக வண்டிக்காரனுக்கு அந்தச் சாலை ஒரு முகம் என்றால், ஊருக்குள்ளும் கிளைச் சாலைகளிலும் இன்னொரு முகம். ஏர்வாடி, களக்காடு, ராதாபுரம், திசையன்விளை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வேகத்தடை, குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடின பள்ளம், ஓரத்தில் ஒரு சாண் இறங்கிக் கிடக்கும் தார் விளிம்பு. சித்திரை வைகாசியில் தார் கொதிக்கும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று பக்கவாட்டில் வந்து அறையும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது அந்தக் காற்றை நம்பித்தான். மழை என்றால் ஐப்பசி கார்த்திகை. மாதக்கணக்கில் எண்ணெயும் ரப்பர்த் தூளும் படிந்து கிடக்கும் சாலையில் முதல் தூறல் விழும்போதுதான் மிகவும் வழுக்கும். சில வருடங்களில் மழை எல்லாக் கணக்கையும் உடைத்துக்கொண்டு கொட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

ஆகவே இங்கே ஓடும் டயர் வெப்பத்தைத் தாங்க வேண்டும். பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்க வேண்டும். வருடத்தில் சில வாரம் மட்டும் வரும் தண்ணீரை வாரி ஒதுக்க வேண்டும். பந்தயத் தடத்தை மனத்தில் வைத்து இளக்கமான ரப்பரில் செய்த விலையுயர்ந்த டயர், இந்த வேலைகளில் கடைசி ஒன்றில் மட்டுமே மற்றவற்றைவிடக் கெட்டி. அதுவும் வரிப்பள்ளம் ஆழமாக இருக்கும்வரைதான். நம் வெயிலில் அந்த ரப்பர் சீக்கிரம் தேயும். மெல்லிய பக்கச்சுவர் பள்ளத்தில் அடிவாங்கி உள்நூல் அறுந்து புடைக்கும். புடைத்த டயரை ஒட்ட முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு நாற்று நட இறங்குகிற கதை.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். எதிர்த்தரப்பின் கோட்டை அதுதான். தேங்கிய நீரில் சக்கரம் தரையை விட்டு எழும்பி மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு, 1960களில் நாசா ஆராய்ச்சியாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்து ஒரு கணக்குக் கண்டார்கள். அந்த வேகம், டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறி இறங்கும். 33 பிஎஸ்ஐ காற்று இருந்தால் மணிக்குச் சுமார் 95 கிலோமீட்டர். அதுவே 25-க்கு இறங்கிவிட்டால் சுமார் 83. கார் டயரில் வரிப்பள்ளம் நன்றாக இருந்தால் இதைவிடக் கூடுதலாகவே தாங்கும். மொட்டையாக இருந்தால் தாங்காது. அகலம் கூடினால் வாரித்தள்ள வேண்டிய தண்ணீரும் கூடும். கணக்கில் காற்று வருகிறது, பள்ளம் வருகிறது, அகலம் வருகிறது. வரி வெட்டியிருக்கும் விதத்தில் கம்பெனிக்குக் கம்பெனி கெட்டிக்காரத்தனம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எட்டு பிஎஸ்ஐ குறைந்த காற்றை எந்தக் கெட்டிக்காரத்தனமும் ஈடுகட்டாது.

காற்றைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு உள்ளூர் வேதத்தையும் கண்டிக்க வேண்டும். “வெயில் காலம், காத்தைக் கொஞ்சம் கொறச்சு வையுங்க, இல்லன்னா வெடிச்சிரும்.” சொல்கிறவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். காலையில் 33 வைத்த டயர் மத்தியானம் நான்குவழிச் சாலையில் ஓடிச் சூடேறும்போது 37, 38 காட்டும், உண்மைதான். அந்த ஏற்றத்துக்கும் சேர்த்தே டயரைச் செய்திருக்கிறார்கள். குறைத்து வைத்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். மடங்கி நிமிர்வதில்தான் உள்சூடு பிறக்கிறது. வெடிப்புக்குப் பயந்து வெடிப்பை விலைக்கு வாங்குகிற வேலை இது. நைட்ரஜன் காற்றுக்குத் தனியாகக் காசு வாங்கும் கடைகளைப் பற்றிப் பேச இடமில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

வெப்பமும் குறைந்த காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே பெரிய சாட்சி. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவை பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் கம்பெனியிலேயே பொருத்தி வந்தவை. மேல் ரப்பர் உரிந்து வண்டிகள் உருண்டன. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விபத்துகள் அரிசோனா, டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில் குவிந்தன. அந்த வண்டிக்கு ஃபோர்டு சொல்லியிருந்த அழுத்தமோ வெறும் 26 பிஎஸ்ஐ. டயர் தயாரிப்பில் இருந்த குறையும், குறைந்த காற்றும், சூடும் கைகோத்துக்கொண்ட கதை அது. ஃபயர்ஸ்டோன் ஒன்றும் ஊர்பேர் தெரியாத மலிவு டயர் அல்ல. அந்த நாட்டின் மிகப் பழைய, பெரிய பெயர்களில் ஒன்று.

நம் நாட்டு நீதிமன்றமும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. டயர் வெடித்து நடந்த ஒரு மரணத்தில், அது கடவுள் செயல், ஆகவே இழப்பீடு தர வேண்டியதில்லை என்று காப்பீட்டு நிறுவனம் வாதாடியது. 2023-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மனித அலட்சியம் என்றது. வெடிப்பதற்கான காரணங்களாக நீதிமன்றம் சொன்னவை அதிவேகம், காற்றுக் குறைவு, காற்று மிகுதி, இரண்டாவது கை டயர், வெப்பம் ஆகியவை. புறப்படும் முன் டயரைப் பார்ப்பது ஓட்டுநர் அல்லது உரிமையாளரின் பொறுப்பு என்றும் சொன்னது. பட்டியலை நான் மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பார்த்துவிட்டேன். குறைந்த விலை என்ற காரணம் அதில் இல்லை.

இனி அளவுக்கு வருவோம். மலிவாக வாங்குவதன் சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. அபார்த் புன்டோவின் டயர் அளவு 195/55 ஆர்16. ஐ20 என் லைனுக்கும் அதே 195/55 ஆர்16. சரி, மாருதி பலேனோவின் உயர்ரக மாடலுக்கு? அதுவும் அதேதான். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வரும் குடும்ப வண்டிக்கும், எதிரே வருகிறவனை மிரட்டுகிற வண்டிக்கும் ஒரே செருப்பளவு. லட்சக்கணக்கில் ஓடும் பலேனோவுக்காக எல்லா இந்தியக் கம்பெனிகளும் இந்த அளவை இடைவிடாமல் செய்து தள்ளுகின்றன. அதனால் விலை குறைவு; அதைவிட முக்கியம், சரக்கு கடையில் தேங்குவதில்லை. போன மாதம், முந்தின மாதம் செய்த டயர் வள்ளியூரிலேயே கிடைக்கும், மிஞ்சிப்போனால் திருநெல்வேலியிலிருந்து சாயங்காலத்துக்குள் வந்துவிடும். ஸ்போர்ட்ஸ் காருக்குத் தனியாக டயர் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பவர் முதலில் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படிக்கட்டும்.

படிக்கிறவர்கள் குறைவு. பதினாறை எடுத்துவிட்டுப் பதினேழு, பதினெட்டு இஞ்ச் அலாய் போட்டால்தான் வண்டிக்கு ‘லுக்’ வரும் என்கிறார்கள். லுக் வரட்டும், கூடவே வருவதையும் பார்க்க வேண்டும். 195/55 ஆர்16-ல் தரைக்கும் வளையத்துக்கும் நடுவில் இருக்கும் ரப்பர்ச் சுவரின் உயரம் 107 மில்லிமீட்டர். 205/45 ஆர்17-க்கு மாறினால் 92. ஆக்டேவியா மாதிரியான வண்டியில் 225/40 ஆர்18 போட்டால் 90. பள்ளத்தில் விழும்போது அடியை வாங்குவது இந்தச் சுவர்தான். அதைக் குறைத்துவிட்டு ராதாபுரம் சாலையில் போவது அலாயைக் கொண்டுபோய்க் கல்லில் மோதுவதற்குச் சமம். அதோடு அந்த அளவு அதிகம் விற்காது. விற்காத அளவு கடையில் கிடக்கும். 2020 ஜூனில் மத்திய அரசு கார் டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. அதனால் அரிய அளவு இறக்குமதி டயர்களுக்கு விலையும் ஏறியது, கிடைப்பதை எடுத்துக்கொள் என்ற நிலையும் வந்தது. அலமாரியில் இருக்கும் ஒன்றிரண்டு ஜோடியைக் கடைக்காரர் எதற்காக இவ்வளவு உருக்கமாகப் பரிந்துரைக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

டயரின் வயதைக் கண்டுபிடிக்க ஜாதகம் பார்க்க வேண்டாம். பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளோடு வரும் எண்வரிசையின் கடைசி நாலு இலக்கம்: 1821 என்றால் 2021-ஆம் வருடத்தின் 18-ஆம் வாரம். ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிழடு தட்டும். ஓசோனும் வெயிலும் அதில் விரிசல் விழ வைக்கும்; இறுகின ரப்பர் ஈரத்தில் வழுக்கும். ஐந்தாறு வருடம் தாண்டினால் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். பத்து வருடமானால் வரிப்பள்ளம் எப்படி இருந்தாலும் கழற்ற வேண்டும் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. மூன்று வருடம் குடோனில் கிடந்த பன்னிரண்டாயிரம் ரூபாய் டயருக்கும், இரண்டு மாதத்துக்கு முன் அச்சிலிருந்து வெளிவந்த ஏழாயிரம் ரூபாய் டயருக்கும் நடுவில் நின்றால் நான் ஏழாயிரத்தை எடுப்பேன். கண்ணை மூடிக்கொண்டல்ல, அந்த நாலு இலக்கத்தைப் படித்துவிட்டு.

இந்தியக் கம்பெனி டயர் என்றாலே லாரிக்கும் டிராக்டருக்கும்தான் என்ற எண்ணம் இன்னும் சாகவில்லை. திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்து ஆரம்பித்த எம்ஆர்எஃப்பின் டயரில் ஓடித்தான் கௌரவ் கில் 2013, 2016, 2017 ஆகிய மூன்று வருடங்களில் ஆசிய பசிபிக் ராலிப் பட்டம் வென்றார். 2022-ல் ஐரோப்பிய ராலிப் பட்டத்தை வென்ற ஸ்பெயின்காரர் எஃப்ரேன் யரேனாவும் எம்ஆர்எஃப் அணிக்காரர்தான். ராலி டயர் வேறு, கடை டயர் வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனால் தொழில்நுட்பம் தெரியாதவர்கள் என்ற ஏளனம் இனி செல்லாது. போதாததற்கு, நாம் வெளிநாட்டு டயர் என்று பெருமையோடு வாங்கும் பிரிட்ஜ்ஸ்டோனும் யோகோஹாமாவும் இந்தியாவிலேயே ஆலை வைத்திருக்கின்றன. நம்மவர்களான அப்போலோ 2009-ல் நெதர்லாந்தின் விரெடெஸ்டைனையே வாங்கிவிட்டார்கள். இதில் எது சுதேசி, எது பரதேசி? 2022-ல் மத்திய அரசு அறிவித்த விதிகள் உருளும் தடை, உருளும் சத்தம் ஆகியவற்றோடு ஈரத்தில் பிடிமானத்துக்கும் ஒரு கீழ்வரம்பு வைத்தன. மலிவு டயரும் அந்த வரம்பைத் தாண்டித்தான் விற்பனைக்கு வர வேண்டும். டயரில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களைப் பார்த்து மட்டும் ஏமாற வேண்டாம். அவை எரிபொருள் சிக்கனத்துக்கு, பிடிமானத்துக்கு அல்ல.

எதிர்த்தரப்பு இங்கே வேக எழுத்தைத் தூக்கிக்கொண்டு வரும். டயர் அளவுக்குப் பின்னால் ஹெச் என்று இருந்தால் 210 கிலோமீட்டர் வேகம், வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. “டபிள்யூ போடுங்க அண்ணாச்சி, சேஃப்டி.” பணகுடிக்கும் காவல்கிணறுக்கும் நடுவில் 270-ல் போகிறவருக்கு டயர் அல்ல, வேறு வைத்தியம் தேவை. அதற்காக எழுத்தைக் கண்டுகொள்ளாமல் விடவும் கூடாது. இந்த இடத்தில் என் தரப்பு ஆட்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அந்த எழுத்து வேகத்தை மட்டும் சொல்லவில்லை, எவ்வளவு சூட்டை அந்தக் கட்டுமானம் தாங்கும் என்பதையும் சொல்கிறது. கதவுக் காகிதத்தில் வி என்றிருந்தால் வி வாங்குங்கள். ஐந்நூறு ரூபாய்க்காக டி-க்கு இறங்க வேண்டாம். எடை எண்ணும் அப்படியே. அந்த இரண்டையும் காகிதத்தில் உள்ளபடி வைத்துக்கொண்டு, அதற்குள் எது மலிவோ அதை வாங்கச் சொல்கிறேன். மலிவு என்பதற்காகக் கறுப்புப் பாலிஷ் போட்டு மினுக்கின பழைய டயரையோ, மொட்டை டயரில் கத்தியால் மறுபடி வரி கீறிய கட்டிங் டயரையோ யாராவது இந்தக் கட்டுரையின் பேரைச் சொல்லி வாங்கினால் அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கில்லை. கத்தி கீறிய இடத்தில் ரப்பர் முளைக்காது. உள்ளே இருக்கும் கம்பிக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே போயிருப்பார்கள், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட என்னைச் சண்டைக்கு இழுப்பது வேறு விஷயம். விலை கூடிய டயர் வாங்கியவர் அதை உரிய காலத்தில் கழற்றுவதில்லை. எப்படிக் கழற்ற மனம் வரும்? நாலுக்கும் சேர்த்து நாற்பத்தைந்தாயிரம், ஐம்பதாயிரம் கொடுத்திருக்கிறார். சட்டம் சொல்லும் எல்லை 1.6 மில்லிமீட்டர் வரிப்பள்ளம். ஆனால் மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கும்போதே ஈரத்தில் நிற்கும் தூரம் மளமளவென்று கூட ஆரம்பித்துவிடும். அவர் மூன்றைத் தாண்டி, இரண்டைத் தாண்டி, பொங்கல் வரைக்கும் ஓட்டுவோம், கோடை வரைக்கும் ஓட்டுவோம் என்று இழுப்பார். அந்த இழுவையில் ஒரு ஐப்பசி வந்துவிடும். ஐரோப்பியச் சோதனையில் வாங்கிய பெயரெல்லாம் தேய்ந்த வரியோடு போயிற்று. ஏறக்குறைய அதே பணத்துக்கு இந்திய டயர் வாங்கியவர் அதற்குள் இரண்டாவது தடவை புது டயர் மாட்டியிருப்பார். ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியிருக்கிறது. மாற்றத் தயங்குவதற்கு இருந்த சாக்கில் கொஞ்சம் அதனோடு போயிற்று.

மிச்சப்பட்ட பணத்தில் வீல் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் செய்யச் சொல்வேன், அதுவும் ஒவ்வொரு பெரிய பள்ளத்துக்குப் பிறகும். சில நூறு ரூபாயில் காற்று பார்க்கும் ஒரு கேஜ் வாங்கி டேஷ்போர்டில் போட்டுவைத்து, வண்டி சூடேறும் முன் காலையில் வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளலாம். கையில் இரண்டு டயருக்குத்தான் காசு இருக்கிறதென்றால் புதிய இரண்டையும் பின்னால் போடுங்கள். கடையில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். “எஞ்சின் இழுக்கது முன்னாடில்லா, புதுச முன்னாடி போடுங்க” என்பார்கள். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஸ்டியரிங்கிலேயே தெரிந்துவிடும், காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றும். சுற்றுகிற வண்டியைப் பிடிக்க நம்மில் பலருக்குத் தெரியாது. டயர் கம்பெனிகளே பின்னால்தான் போடச் சொல்கின்றன. விலையைப் பற்றி அவர்கள் சொல்வதை வேதமாக எடுத்துக்கொள்கிற கடைகள் இதை மட்டும் காதில் வாங்குவதில்லை.

கடைசியாக ஒன்று. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு டயர் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் அந்த வண்டியின் டிக்கியைத் திறக்கச் சொல்லுங்கள். பாயைத் தூக்கினால் ஸ்டெப்னி. வண்டி ஷோரூமிலிருந்து வந்த நாளில் வைத்தது, மூன்று கை மாறியும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். வரி அப்படியே புதுசு மாதிரி இருக்கும், தேதி பத்து வருடத்துக்கு முந்தியதாக இருக்கும், காற்று இருந்தால் அதிர்ஷ்டம். நாங்குநேரிச் சுங்கச்சாவடிக்கு இந்தப் பக்கம் ராத்திரி பஞ்சரானால், வீடு வந்து சேரும்வரை இவர் ஓட்டப்போவது அதன் மேல்தான்.